இருபதாவது பார்வை

அந்த வாரம் சோதனை அறையில் வந்து உட்கார்ந்தவர்கள்: கணினி நிரல் எழுதப் புதிதாகப் பழகும் மாணவர்கள் பத்துப் பேர், பல வருடம் எழுதித் தேர்ந்தவர்கள் ஒன்பது பேர். சோதனையை நடத்தியவள் ஆய்வு மாணவி டெஸ் பாஸ்கோ. ஒப்புதல் படிவங்களில் மொத்தம் பத்தொன்பது கையெழுத்து. நிரலில் பிழையைத் தேடும்போது பார்வை எங்கெங்கே போகிறது என்று கருவி பதிந்து வைத்த கண் பதிவுகள் இருபது.

பத்தாவது தேர்ந்தவர் கிடைக்காமல்தான் அவள் ஆய்வு இரண்டு முறை தள்ளிப்போனது. நாளை காலை ஆய்வைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடப் படிப்பு அதோடு சரி.

ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடியில் ஹோபார்ட்டில் ஜூன் மாதம் குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், ஹீட்டரில் தூசி கருகும் வாசனைக்கு நடுவே, டெஸ் இருபதாவது பதிவை மறுபடி ஓடவிட்டாள். புதியவர்களின் பார்வை எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் பஸ் மாதிரி வரி வரியாக ஊர்ந்து போகும். இது நேராகப் பிழையிருந்த வரிக்குப் போனது. நான்கு விநாடி. பிறகு மூன்று மணி நேரம் அங்கேயே நின்றது. ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

பேராசிரியை கெரினுக்குப் போன் செய்தாள்.

"பேரு வாங்க மறந்திருப்பே, டெஸ். தேர்ந்த ஆளுதான். சேத்துக்கோ."

"மூணு மணி நேரம் யாரு கண்ணு சிமிட்டாம உக்காருவா?"

"அப்போ மெஷின் கோளாறு. நீயே முன்னாடி உக்காந்து பாரு. சரியா இருந்தா இருபதையும் அனுப்பு. அழாத."

அவள் அழவில்லை. அதெல்லாம் எப்போதோ வற்றிப்போயிருந்தது. இருபதாவது ஒப்புதல் படிவத்தில் மனதில் வந்த ஏதோ ஒரு பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அவள் கண்கள். கருவியிலிருந்து தூரம் அறுபது சென்டிமீட்டர். கருவி சரியாகத்தான் இருந்தது.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு புள்ளிகள். தூரம் நூற்றிருபது.

இமைத்தாள். நூறு.

இமைத்தாள். எண்பது.

இமைப்பதை நிறுத்தினாள். கண் எரிந்தது. நீர் வழிந்தது. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. ஈரக் கம்பளி வாசனை மட்டும்.

கதவு திறந்தது. காவலாளி விலியின் குரல்.

"என்ன டெஸ், இன்னும் கண்ணு எண்ணி முடியலையா? ஓ, கூட ஆள் இருக்காங்களா? தெரியாம வந்துட்டேன். நான் வெளிய பூட்டிட்டுப் போறேன், போறப்ப உள்ளயிருந்து தொறந்துக்கோங்க."

வாயைத் திறந்தாள். கண் இமைத்துவிட்டது.

அறுபத்திரண்டு.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.