எட்டாத பிரேக்

போன் அலறியது!

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. ஒன்பது நாளாக அவளுக்குத் தூக்கமில்லை.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். அந்த பைக்கைக் கொண்டு வர்றோம்மா. பிரேக், கியர், ஃபுட்ரெஸ்ட் எல்லாத்தையும் நடுவுலேர்ந்து முன்னால தள்ளி வச்சது நீங்கதானே?"

"நா... நான்தான் சார்."

ஷெட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும், அந்த பைக்கைக் கொண்டுவந்தவன் உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தது. ஆறடி உயரம். காலை நீட்டிக்கொண்டு, சிரித்தபடி...

அவனை அதே பைக்கில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து குதிகால்வரை டேப் பிடித்து அளந்தவள் அவள்தான். டெலிவரி கொடுத்த மறுநாளே சேதி வந்தது.

மழை ஈரம். மலை இறக்கம். பைக் பள்ளத்தில்... ஓட்டியவர் உயிரோடு இல்லை!

என் வெல்டிங்தான் விட்டுப்போச்சோ?

கண்ணை மூடினால் போதும். பிரேக் பெடல் 'டக்... டக்...' என்று துடித்தது.

வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, டேங்க் நசுங்கிய பைக்கை இறக்கவைத்தார். அழுது சிவந்த கண்களோடு இறந்தவரின் மனைவி. அவளுக்குப் பின்னால்...

ஆறடி உயரம்!

"ஐயோ...!" மெக்கானிக் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "செ... செத்தவர்!"

"உளறாதே!" அவன் சீறினான். "செத்தது என் தம்பி! உன் ஓட்டை வெல்டிங் அவனை முழுங்கிடுச்சு! சார், இவளைப் பிடிச்சு உள்ளே தள்ளுங்க!"

தம்பியா...?

மெக்கானிக் பைக்கின் வெல்டிங்கைத் தடவினாள். கல் மாதிரி இருந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பெடலை அழுத்தினாள். சக்கரம் கப்பென்று நின்றது.

"பிரேக்ல கோளாறே இல்ல சார்! அக்கா... உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்?"

"என் உயரம்தாம்மா. ஏன்?"

"கொஞ்சம் இதுல உக்காருங்க."

மனைவி உட்கார்ந்தாள். காலை எட்டி நீட்டினாள். கட்டைவிரல் மட்டும் பெடலைத் தொட்டது. வழுக்கியது.

'டக்!'

"அப்படின்னா அவர்..." மனைவியின் குரல் உடைந்தது. "கடைசிவரைக்கும் கால் பிரேக்கைத் தேடிக்கிட்டே..."

"ஈர இறக்கத்துல கை பிரேக் மட்டும் போதாதுக்கா." மெக்கானிக் ஆறடிக்காரனைக் காட்டினாள். "இவர்தான் சார் உக்காந்து அளவு கொடுத்தார்! பைக் தன்னோடதுன்னு சொன்னார்!"

"தம்பிக்குப் பரிசா செஞ்சேன்!" அண்ணன் கத்தினான். "அவனுக்குக் கால் எட்டாதுன்னு நான் கனவா கண்டேன்?"

மெக்கானிக் மேஜை டிராயரைத் திறந்து, டெலிவரியின்போது எழுதி வாங்கிய ஓர் அட்டையை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். "'இது என் காலுக்கு எடுத்த அளவு. என்னைவிடக் குள்ளமானவர் ஓட்டினால் பிரேக் எட்டாது. உயிருக்கே ஆபத்து என்று மெக்கானிக் எச்சரித்தார்.' கீழே கையெழுத்து... உங்களுதுதானே?"

அண்ணனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்பா வீட்டை விக்க விடமாட்டேன்னு... ஒத்தக்கால்ல நின்னான் சார்..."

மனைவி பைக்கிலிருந்து இறங்கவேயில்லை. ஹேண்டில்பாரில் முகம் புதைத்திருந்தாள். மெக்கானிக் அவள் தோளைத் தொட்டாள்.

விலங்கைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூடப்பிறந்தவன் காலை வாரினவங்களை நிறையப் பாத்திருக்கேன்யா... அளவெடுத்து வாரினவனை இப்பதான் பாக்கறேன்!"