காற்றில் திறந்த கதவு

அடுப்பில் எதுவும் இல்லாத நேரத்தில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. இடெல்லா கையிலிருந்த போர்வையை மடிக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு, மாடி அறையின் நடுவில் நின்று மோந்து பார்த்தாள். ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. மாடிப்படியிலிருந்தும் வரவில்லை. இடது சுவரிலிருந்து வந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் வீடே கிடையாது.

ஒருகாலத்தில் இருந்தது. மேற்கு பால்டிமோரின் அந்தத் தெருவில் வீடுகளெல்லாம் தோளோடு தோள் ஒட்டி, நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு நின்றன. அடுத்த வீடு தங்கை வெர்டியுடையது. பிறகு பெருஞ்சாலை வருகிறது என்றார்கள். வெர்டியின் வீட்டிலிருந்து அந்த வரிசை முழுவதையும் இடித்து, ஆழமாகப் பள்ளம் தோண்டிச் சாலை போட்டார்கள். கொஞ்ச தூரம் போட்டதும் திட்டத்தையே கைவிட்டார்கள். நாட்டின் பெரிய சாலைகளோடு சேர வேண்டியது எதனோடும் சேராமல் ஒரு புல்மேட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் இடெல்லாவின் வீடு மட்டும் மிச்சம். காரில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால், அதன் வெளிச்சுவரில் வெர்டியின் வீட்டு மாடிப்படி இருந்த அழுக்குத் தடம் படிப்படியாக ஏறிப்போவது இன்றும் தெரியும்.

மதியத்திலிருந்து பனி கொட்டியதில் சாலையை மூடிவிட்டார்கள். அந்த ஓயாத இரைச்சல் நின்றதால் வீட்டின் ஒவ்வொரு மூச்சும் கேட்டது.

"வெர்டி, உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த வெர்டி நிமிரவில்லை. "பூச்சி உருண்டை வாசனை வருது. இந்தப் போர்வையைக் கடைசியா எப்போ வெளிய எடுத்தே?"

"விளையாடாதடி."

"பஸ் ஓடியிருந்தா இந்நேரம் என் வீட்ல படுத்திருப்பேன். அக்கா சமையலுக்கு ஆசைப்பட்டு வந்து மாட்டிக்கிட்டேன். அதுவும் காய்ஞ்சுபோன கோழி."

"மூணாவது துண்டைக் கேட்டு வாங்கினப்போ காயலையா?"

வெர்டி சிரித்தாள். சுவருக்கு அப்பால் இரும்புச் சட்டி அடுப்பில் உரசியது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அக்காளும் தங்கையும் தெருவில் இறங்காமல் போய்வர, இடெல்லாவின் கணவர் குளோவிஸ் வெட்டி வைத்தது. பிள்ளையில்லாத வெர்டி சாயங்காலம் சமைத்து முடித்ததும் அங்கிருந்தே கூப்பிடுவாள். இடெல்லாவின் மகன் ரெனி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுவான். வெர்டி ஊரின் மறுகோடிக்குக் குடிபோன பிறகு, இடிக்க வந்தவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டு கதவை அப்படியே விட்டுப் போனார்கள். இடெல்லா அலமாரியைத் தள்ளி அதை மறைத்து வைத்தாள். ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. காய்ச்சலில் தூங்கிய ரெனி அந்திநேரத்தில் எழுந்து, தினமும் போவதுபோல் சித்தி வீட்டுக்குப் போனான். இடெல்லா அப்போது கீழே அவனுக்காக சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். பள்ளத்திலிருந்து வந்த அந்தச் சத்தம் அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

குளோவிஸ் அழுதுகொண்டே அலமாரியை அகற்றி, கதவிருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சுவர்த்தாள் ஒட்டினார். பின்பு அவரும் போய்விட்டார். இடெல்லாவுக்கு இப்போது வெர்டியைத் தவிர யாரும் இல்லை.

"ரெனி. தட்டு போட்டாச்சு. வாடா தங்கம்."

சுவருக்குள்ளிருந்து வந்தது வெர்டியின் குரல். இளம் வயதுக் குரல்.

கட்டிலில் இருந்த வெர்டி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு இடையே முனகினாள். "நான் கூப்பிடல, அக்கா."

"தெரியும்."

அறைக்குள் வெறுங்கால்கள் பலகைத் தரையில் இறங்கின. தூக்கக் கலக்கத்தில் இழுத்து இழுத்து நடக்கும் சின்னக் கால்கள். இடெல்லா பாய்ந்துபோய்ச் சுவரில் முதுகை அழுத்தி, கைகளை விரித்து நின்றாள்.

"போகாத கண்ணு. அங்க ஒண்ணுமில்ல. விழுந்துடுவே."

இடுப்பு உயரத்தில் ஒரு குளிர் அவளுக்குள் நுழைந்து, முதுகு வழியாக வெளியேறியது.

அவள் கண்ணை இறுக மூடினாள். சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

சுவருக்கு அப்பால், பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில், அந்தக் கால்கள் மரத்தரையில் நடந்தன. நாற்காலி இழுபட்டது. கரண்டி தட்டில் பட்டது. இடெல்லாவின் முகம் நனைந்தது. அவன் விழவில்லை. பசியோடு சாப்பிடுகிறான்.

"அக்கா, என் வீடு அங்கயே இருக்கு," என்றாள் வெர்டி.

கட்டிலைவிட்டு எழுந்திருந்தாள். அவளுடைய வலது சட்டைக்கை முன்னால் நீண்டிருந்தது. துணியில் ஒரு பிடி சுருக்கம். சின்ன முஷ்டி அளவு. அது இழுத்தது. வெர்டி ஓர் அடி வைத்தாள்.

இடெல்லா அவளுடைய இடது கையைப் பற்றிக்கொண்டாள். "வேண்டாம்டி. நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

வெர்டி திரும்பவில்லை. சுருக்கம் இறுகியது. இடெல்லா இரண்டு கைகளாலும் பிடித்தாள். முழு பலத்தோடு.

"அம்மா, விடு."

இத்தனை வருடமாக எந்தக் குரலைக் கேட்கத் தவித்தாளோ, அதே குரல். கொஞ்சம் கம்மிய, காய்ச்சல் குரல். அவள் வயிற்றுக்கு நேரே, அவ்வளவு பக்கத்தில்.

அவள் விரல்கள் தாமாகத் திறந்தன.

பிறகு அறையில் அவள் மட்டும் இருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு கரண்டிகளின் சத்தம். யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

இடெல்லா நெற்றியைச் சுவரில் வைத்தாள். "எனக்கும் ஒரு தட்டு போடுங்க."

கரண்டிகள் நின்றன. சிரிப்பும் நின்றது. எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்பதுபோல் ஒரு நிசப்தம். யாரும் கூப்பிடவில்லை.

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கீழே பார்த்தாள். கிழியாத சுவர்த்தாளிலிருந்து ஒரு குதிகால் வெளியே நீண்டிருந்தது. சாம்பல்நிறக் காலுறை. வெர்டியுடையது. அது மெல்ல உயர்ந்து, தரையில் பட்டு, மறுபடி உயர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுப்பவளின் கால் தாளம் போடுவதுபோல.