நிற்காமல் நடந்தவன்

கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்த ஸோலெகா மபான்ட்லாவை ஹெலிகாப்டர் தீவில் இறக்கிவிட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. நிலையத் தலைவர் ஃபெஸிலே அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். இங்கே மழை நிற்பதே அடுத்த மழைக்கு மூச்சு வாங்கத்தான் என்றார். அடுத்த ஏப்ரலில் கப்பல் திரும்பும்வரை பதினேழு பேர், ஒரு டீசல் ஜெனரேட்டர், நாலு பக்கமும் கடல்.

கடல்நாய்களான சீல்களை எண்ணுவது அவள் வேலை. யாரும் தனியாக வெளியே போகக்கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி. அதனால் அல்பட்ராஸ் கடற்பறவையின் குஞ்சுகளைக் கணக்கெடுக்கும் ரியான் வோஸ்லூவுடன் அவளை ஜோடி சேர்த்தார்கள். அவனுக்கு இது இரண்டாவது வருடம்.

ஏன் இரண்டாவது வருடம் என்பதை ஃபெஸிலே ஒருநாள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன வருடம் ரியானின் ஜோடி மீக்கே என்ற பெண். மேற்குக் குடிலுக்குப் போகும் வழியில் மூடுபனி இறங்கியது. குடிலுக்கு வந்து சேர்ந்தது ரியான் மட்டும். பதினோரு நாள் தேடினார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. அவள் கூப்பிட்டது தன் காதில் விழவே இல்லை என்று விசாரணையில் அவன் சொன்னான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இவன் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

நடக்கும்போது ரியான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஸோலெகா பின்னாலிருந்து கூப்பிட்டால் பதிலும் சொல்லமாட்டான். ஒருமுறை அவள் சண்டைக்குப் போனபோது, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"நடக்கும்போது கூப்பிடாத. ஏதாச்சும் வேணும்னா முன்னால வந்து என் தோளத் தொடு."

திமிர் பிடித்தவன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் காலை இருவரும் மேற்குக் குடிலுக்குக் கிளம்பினார்கள். ஐந்து மணி நேர நடை. நண்பகலில் கறுத்த எரிமலைப் பாறைகளைத் தாண்டிப் பாசி நிலத்தில் இறங்கியபோது காற்று நின்றது. அந்தத் தீவில் காற்று ஊளையிடுவதற்கு யாரும் பயப்படமாட்டார்கள். அது நின்றால்தான் பயப்படுவார்கள். மூடுபனி கடலிலிருந்து ஊர்ந்து வந்து முதலில் மலையை விழுங்கியது, பிறகு பாறைகளை, பிறகு அவளுடைய பூட்ஸையே. ஊறிய பாசியின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பத்தடி முன்னால் ரியானின் ஆரஞ்சு நிறச் சட்டை மட்டும் மங்கலாக அசைந்தது.

"ரியான்... நில்லு."

குரல் ஸோலெகாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. பெண் குரல். மூச்சிரைக்க, களைத்துப்போன குரல். பலமுறை கூப்பிட்டுப் பழகிய குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

முன்னால் ரியானின் நடை வேகமெடுத்தது.

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டுவிடலாம் என்று அவள், வளைந்து போன ஒற்றையடித் தடத்தை விட்டுக் குறுக்கே பாய்ந்தாள். இரண்டாவது எட்டில் பச்சைத் தரை வாயைத் திறந்தது. இடுப்புவரை இறங்கினாள். கையூன்றிய இடமும் குழைந்தது.

"ரியான், நில்லு!"

கத்திய பிறகுதான் உறைத்தது. அதே வார்த்தைகள்.

ஆரஞ்சுச் சட்டையின் தோள்கள் காதுவரை உயர்ந்தன. அவன் நிற்கவில்லை. மூடுபனிக்குள் நிறம் கரைந்தது.

சேறு விலா எலும்பைத் தொட்டது. மறுபடி கத்த நெஞ்சில் காற்று இல்லை. ரேடியோ முதுகுப்பைக்குள் இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனால் இன்னும் இறங்கினாள். குளிர் கால்களைத் தின்றுவிட்டு மேலே ஏறியது. அம்மாவை நினைத்தாள். பிறகு எதையும் நினைக்கவில்லை.

அப்போது பையின் தோள்வாரை யாரோ பிடித்தார்கள்.

ஒரே இழுப்பு. மறுபடி ஒன்று. காதோரம் மூச்சிரைப்பு. அவள் பாசித் திட்டில் குப்புற விழுந்து கிடந்தாள். அழுகையும் கோபமுமாக, இப்போதாவது வந்தானே என்று திரும்பினாள்.

யாருமில்லை.

அவளுக்கு அருகே பாசியில் இரண்டு பூட்ஸ் தடங்கள் பதிந்து, மெல்லத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தன. அவளுடையதைவிடச் சின்னத் தடங்கள். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

ஜிபிஎஸ் காட்டிய திசையில் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்றரை மணிக்குக் குடிலின் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ரியான், திற. நான்தான்."

கதவுக்கு மிக அருகிலிருந்து கிசுகிசுப்பாகப் பதில் வந்தது. "போயிடு மீக்கே."

"நான் ஸோலெகா. நனைஞ்சு போயிருக்கேன். திற."

"போன மாசம் எங்கம்மா பேரச் சொல்லி ஏமாத்தப் பாத்த. இன்னிக்கு ஸோலெகா பேரா?"

ஸோலெகாவின் பற்கள் கிட்டித்துவிட்டன. விறைத்த விரல்களால் பையைத் திறந்து, ரேடியோவை எடுத்து, நிலையத்தில் இருந்த ஃபெஸிலேயிடம் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். சற்று நேரத்தில் குடிலுக்குள் இருந்த ரேடியோ கரகரத்தது. அவர் குரல் நிதானமாக இருந்தது.

"ரியான், வெளிய நிக்கிறது நம்ம ஸோலெகா. இப்பதான் எங்கிட்ட ரேடியோல பேசினா. செத்தவங்க ரேடியோல பேசமாட்டாங்க தம்பி. கதவத் திற."

நெடுநேரம் கழித்துத் தாழ் விலகியது. அவளைத் தலைமுதல் கால்வரை சேறாகப் பார்த்ததும் ரியான் அவள் பையைக் கழற்றி அவளை உள்ளே இழுத்தான்.

அவன் ஹீட்டரைக் கூட்டி, உலர்ந்த துணி எடுத்துக் கொடுத்து, ரூய்போஸ் தேநீர் போட்டான். ஸோலெகா தூக்கப்பைக்குள் சுருண்டுகொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்தாள். மன்னிப்புக் கேட்டான். இரண்டாவது கோப்பை காலியானபிறகே கேட்டாள்.

"என்னத் தூக்கி விட்டது நீயா?"

"நான் திரும்பி வரல."

ஸோலெகா தோள்வாரைப் பற்றிச் சொன்னாள், காதோரம் கேட்ட மூச்சைப் பற்றிச் சொன்னாள், சின்னத் தடங்களைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான். அன்று மீக்கேயோடு ஏதோ அற்பமான சண்டை. அவள் கூப்பிட்டது கேட்டது. மூன்று முறை கேட்டது. நடக்கட்டும், வந்து சேரட்டும் என்று வீம்பாக நடந்தான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனபோது மூடுபனி மட்டுமே இருந்தது.

ஆறு மணிக்கு நிலையம் வழக்கம்போல் ஆள் கணக்குக் கேட்டது. ரியான் ரேடியோவின் பேசியை எடுத்தான். ஸோலெகா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஃபெஸிலே, எழுதிக்குங்க. போன வருஷம் நான் சொன்னது பொய். மீக்கே என்னக் கூப்பிட்டா. கேட்டுச்சு. நான் நிக்கல."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கிட்டேன்" என்றார் ஃபெஸிலே. பிறகு குரல் கனிந்தது. "ஸோலெகாவ அழ வேண்டாம்னு சொல்லு. நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அழறா பாவம். இங்க வரைக்கும் கேக்குது."

ஸோலெகா அழவில்லை.

ரியான் அவளுடைய வறண்ட கண்களைப் பார்த்தான். பேசியை மெதுவாகக் கீழே வைத்தான். எழுந்து போய்க் கதவைத் திறந்தான். வாசலில் மூடுபனி அசையாமல் நின்றது. யாருமில்லை. அவன் உடனே சாத்தவில்லை. ஓர் ஆள் பையோடு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பிறகு சாத்தினான்.

சுவரோரம் காலியாகக் கிடந்த பலகைக் கட்டில், யாரோ களைத்து உட்கார்ந்ததுபோல் மெல்ல முனகியது.