ஜிமிக்கியின் நிழல்

பூமயிலின் உயிருக்கு நான் போட்ட விலை பதினோராயிரத்து நானூறு ரூபாய். அதில் பேரம் எதுவும் நடக்கவில்லை. தான் விலைபோவதே தெரியாதவளிடம் என்ன பேரம்?

எங்களுடையது கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்த குடும்பம். தராசைப் பார்க்காதே, எதிராளியின் கண்ணைப் பார் என்று சொல்லித்தான் வாப்பா என்னை வளர்த்தார். நான் கடைக்குப் போகாமல் எக்ஸ்ரே படித்து, ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கட்டடம் முன்பு மிளகாய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. முதலாளி அதை வாங்கி, வெள்ளையடித்து, சுவருக்குள் ஈயத்தகடு பதித்து, ஏசியும் மாட்டினார். மிளகாய் மட்டும் காலி செய்ய மறுத்துவிட்டது. காலையில் ஏசி போட்டால் கால் மணி நேரம் மூக்கில் நெடி ஏறும். அப்புறம் அடங்கும்.

பல் எக்ஸ்ரே அறை கடைசியில் இருக்கிறது. சன்னல் கிடையாது. நட்டநடுப் பகலிலும் விளக்கை அணைத்தால் சொந்தக் கை தெரியாது. நடுவில் ஆளுயர இயந்திரம். வருகிறவர் அதற்குள் நின்று, இரு கைப்பிடிகளையும் பிடித்து, முன்பற்களால் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடிக்க வேண்டும். இயந்திரத்தின் கை தலையைச் சுற்றிவரும். பதினான்கு விநாடியில் இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் சுருட்டிய பாயை விரித்த மாதிரி ஒரே படமாகக் கணினியில் வந்து விழும்.

பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆளை நிறுத்துவதுதான் வேலை. நாடி, அதாவது முகவாய், தாழ்ந்தால் படத்தில் பல்வரிசை இளிக்கும். நாடி உயர்ந்தால் அதே வரிசை அழும். கூன் போட்டு நின்றால் முதுகெலும்பின் வெள்ளை முன்பற்களை மூடும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டாவிட்டால் மேல்வேர்களின் மேல் கறுப்பு விழும். பல்வரிசை நிற்க வேண்டிய வளைவு ஒன்று உண்டு. அதற்குள் இருப்பது மட்டும்தான் கூர்மையாகத் தெரியும். ஒரு விரற்கடை விலகினாலும் கலங்கிப்போகும்.

எல்லாவற்றையும்விடக் கெட்டது காதில் கிடக்கும் உலோகம். இடது காதின் நகை இடது பக்கம் விழுவதோடு நிற்காது. வலது பக்கத்திலும், சற்று மேலே, பெரிதாக, மங்கலாக அதன் நிழல் ஒன்று விழும். அந்த நிழலுக்கு அடியில் எலும்பில் என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும். பயிற்சியில் முதல் நாள் பாடமே அதுதான்.

போன வருடம் ஜூனில் ஒரு கல்லூரிப் பெண் கழற்றி டிரேயில் வைத்த தோடு காணாமல் போயிற்று. பதினோராயிரத்து நானூறு ரூபாயை முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்: இனி யாருடைய தங்கமும் என் அறையில் காதைவிட்டு இறங்காது.

ஆகஸ்டில் பூமயில் வந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மிளகாய்க்காட்டுக் கூலிக்குப் போகிறவள். நாற்பது வயதிருக்கும். வலது தாடையின் மூலையில் நெல்லிக்காய் அளவு வீக்கம். காதில் தாய்வீட்டுச் சீராக வந்த குடை ஜிமிக்கி. பார்த்த மாத்திரத்தில் ஒன்றேகால் பவுன் என்று மதிப்புப் போட்டேன். அவளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்கும் முன்பே கை காதுக்குப் போயிற்று.

“கழட்டவா தம்பி? திருகு கொஞ்சம் இறுக்கம், அம்புட்டுத்தேன்.”

“வேணாம்மா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

படம் வந்தது. இடது ஜிமிக்கியின் நிழல் வலது தாடை மூலையில், வீக்கம் இருந்த அதே இடத்தில், வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. நகையைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். டிரே காலியாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து, நிழல் எலும்பு மாதிரித் தோன்றும்வரை தட்டிக்கொட்டி, டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். தட்டிக்கொட்டிச் சரக்கைத் தள்ளிவிடுவது எங்கள் பரம்பரைக்குப் புதிதல்ல. சங்கில் செய்தால் ஒருவருக்குப் பத்து ரூபாய் நட்டம்.

டாக்டர் சொத்தை என்று ஒரு பல்லைப் பிடுங்கி மாத்திரை கொடுத்தார். பொங்கலுக்குள் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரியில் முடிந்துபோயிற்று. பழைய படத்துக்கு ஒரு நகல் வாங்க வந்த அவள் புருஷன் மாரிச்செல்வம்தான் சொன்னார். புற்று எலும்புக்குள்ளேயே இருந்ததாம். ஆறு மாதம் முந்தித் தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்களாம். என் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு, “நீங்க என்ன செய்வீங்க தம்பி” என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் முதல் வாரத்தில் பாக்கர் வந்தார். மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, எழுபது வயது. காதில் நகை இல்லை, வாயில் கட்டுப்பல் இல்லை, சட்டையில் உலோகப் பொத்தான்கூட இல்லை.

படத்தில் வலது தாடை மூலையில் ஒரு வெள்ளைக் கலக்கம்.

மேலே வட்டம், கீழே குடை.

இடது பக்கத்தைத் தேடினேன். சுத்தமாக இருந்தது. நகை இல்லை. அதன் நிழல் மட்டும்.

பாக்கர் நாடியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

“பொம்பளை அசிஸ்டண்ட் போட்டிருக்கீகளா நவாசு? பின்னால நின்னு நாடியைத் தூக்கி வச்சுச்சே. எரியுதுப்பா, மிளகா பட்ட மாதிரி.”

அறையில் வேறு யாரும் இல்லை. ஈயக்கதவுக்கு இந்தப் பக்கம், கண்ணாடி வழியாக, பதினான்கு விநாடியும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்றில் ஒரு படத்தில் அது வந்தது. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் சோதனைப் பொம்மையை வைத்து எடுத்துப் பார்த்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. மனிதர்கள் நின்றால்தான் வருகிறது என்று நான் சொன்னேன். கொஞ்சநாள் லீவு போடுங்கள் என்றார்.

நான் கவனித்த ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. நிழல் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டிருந்தது. முதலில் புகை. பிறகு குடையின் விளிம்பு. ஏப்ரல் கடைசியில் குடைக்குக் கீழே தொங்கும் மணிகளை எண்ண முடிந்தது.

இந்த இயந்திரத்தில் ஒரு பொருள் கூர்மையாக வேண்டுமென்றால் அந்த வளைவை நோக்கி நெருங்கி வர வேண்டும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, நண்பகல். மாரிச்செல்வம் மறுபடி வந்தார். கூடவே மகள் அமுதவள்ளி. இருபது வயது. வலது தாடை வீங்கியிருந்தது.

அதே மூலை.

அவர் மகளின் கையை விடாமல் அறை வாசல்வரை வந்தார். அந்தப் பெண்ணிடம் காதில் இருந்ததைக் கழற்றச் சொல்லி, அப்பாவிடமே கொடுக்க வைத்தேன். நாடியை வைத்தேன். ஒளிக்கோட்டை மூக்கின் நடுவில் நிறுத்தினேன். தோளை இறக்கி, கழுத்தை நீட்டி, நாக்கை மேலே ஒட்டச் சொன்னேன். என் வாழ்நாளில் யாரையும் அவ்வளவு ஒழுங்காக நிறுத்தியதில்லை.

படத்தில் வீக்கத்துக்கு நேர் மேலே ஜிமிக்கி. அடியில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது முறை எடுத்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மிளகாய் நெடி ஏறியது. இயந்திரம் பாதி சுற்றியபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைப்பிடிகளில் அமுதவள்ளியின் விரல்கள்.

அவற்றுக்கு மேல் இன்னும் விரல்கள்.

நகக்கண்ணெல்லாம் சிவந்த, காய்ந்த விரல்கள்.

இயந்திரம் நின்றதும் அவை இல்லை. படத்தில் ஜிமிக்கி இருந்தது, திருகாணியின் மரை தெரியும் அளவுக்கு.

சும்மா சும்மா கதிர் பாய்ச்ச அது கிளிஞ்சல் அல்ல, இருபது வயதுப் பெண்ணின் தாடை. இதை அப்படியே அனுப்பினால் டாக்டர் இவளுக்கும் ஒரு பல்லைப் பிடுங்கி மாத்திரை கொடுப்பார். வேறு ஊருக்குப் போய் எடுங்கள் என்று கையைக் கழுவிவிடவும் வழி இருந்தது. ராமேசுவரத்தில் ஒரு சென்டரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குச்சியைக் கடித்தபடியே, அசையாமல், என் அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்றாள். அவள் அம்மா நின்ற மாதிரியே.

வெளியே வந்து மாரிச்செல்வத்தின் முன்னால் நின்றேன்.

“அன்னைக்கு உங்க வீட்டம்மா படத்தைக் கெடுத்தது நான்தான்ணே. ஜிமிக்கியோட எடுத்துட்டேன். அதோட நிழல் நோவை மறைச்சிருச்சு. தெரிஞ்சேதான் அனுப்புனேன்.”

தோடு தொலைந்தது, சம்பளத்தில் பிடித்தது, வெளிச்சத்தைக் குறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் கம்மலைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

“கழட்டவான்னு அவ கேட்டாளா?”

“கேட்டாங்க.”

“அதை வித்துத்தேன் மதுரைச் செலவைப் பார்த்தம். போறப்ப அவ காதுல ஈர்க்குச்சிதேன் கெடந்துச்சு.” கம்மலை மூடிய கையால் அறைக்கதவைக் காட்டினார். பிறகு, “இவளுக்காச்சும் ஒழுங்கா எடு” என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

மூன்றாவது படம் தெளிவாக வந்தது. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று எலும்புக்குள் படுத்துக்கிடந்தது. அதைச் சுற்றித்தான் வீக்கம். வேறு எதுவும் இல்லை. நாலு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். பல் டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். அமுதவள்ளி கம்மலை மாட்டிக்கொண்டு கேட்டாள், கடைசித் தடவை பின்னால் வந்து நாடியைத் தூக்கி வைத்தது நானா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய நாடி சிவந்திருந்தது.

மதிய லுஹர் தொழுகைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போனேன். அன்று மனம் ஒன்றித் தொழுதேன்; தீர்ந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பதிவேட்டில் ஒன்பது பேர். அமுதவள்ளிக்குக் கூடுதலாக எடுத்தது இரண்டு. ஆகப் பதினொன்று. இயந்திரம் பன்னிரண்டு என்றது.

பன்னிரண்டாவது படத்துக்குப் பெயர் இல்லை. எடுத்த நேரம் ஒன்று இருபது. அறை பூட்டியிருந்த நேரம், சாவி என் சட்டைப்பையில்.

திறந்தேன். அப்படிப்பட்ட படத்தை நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. நாடி சரியாக இருந்தது, கழுத்து நேராக இருந்தது, நாக்கு மேலே ஒட்டியிருந்தது. காதில் குண்டுமணி உலோகம் இல்லை. வலது தாடையின் மூலையில், எந்த மறைப்பும் இல்லாமல், எலும்பை அரித்துக்கொண்டு புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு. ஆகஸ்டில் பூமயிலுக்கு நான் எடுத்திருக்க வேண்டிய படம்.

மறுநாள் பதிவேட்டில் பதினான்கு, இயந்திரத்தில் பதினைந்து. அந்தப் படத்தில் கறுப்பு சற்றுப் பெரிதாக இருந்தது.

நேற்று பத்து, பதினொன்று. கறுப்பு கண்குழியை நெருங்கிவிட்டது.

இன்று எட்டு, ஒன்பது. ஒன்பதாவதை இன்னும் திறக்கவில்லை. மொத்தம் இருபத்தாறு நாளில் இருபத்தாறு படங்கள் கூடுதல். எதற்கும் பெயர் எழுதவில்லை, எதுவும் டாக்டருக்குப் போகவில்லை. எல்லாம் கணக்கில் என் பெயரில் பற்றாகவே நிற்கிறது.