காலி டிரெய்லர்

வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது அமல்தாஸ் பிரேக்கில் காலே வைக்கவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியில் சிவப்பாக எண் ஏறிக்கொண்டிருந்தது. பிக்கப்புக்குப் பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கக் கரண்ட் அனுப்புகிற பெட்டி அது. பிரேக்கை மிதித்தால்தான் அதில் எண் வரும்.

பின்னால் சக்கரங்கள் இறுகித் தேய்ந்தன. ஈர மண்ணின் வாசனையையும் காப்பிச் செடிகளின் பச்சை வாடையையும் அமுக்கிக்கொண்டு, கருகிய ரப்பர் நாற்றம் மாலை மூடுபனியோடு கண்ணாடி இடுக்கில் நுழைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுபா இருமினாள்.

"ஏங்க, காலி வண்டிதான? எதுக்கு இப்படி முக்குது?"

சரக்கு கிடைக்காமல் வெறும் டிரெய்லரோடுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓரங்கட்டி, இண்டூர் மெக்கானிக் மாதவராஜுக்குப் போன் போட்டான்.

"எர்த் கோளாறா இருக்கும்ண்ணா. பின்னாடி பிளக்கைப் புடுங்குங்க. நம்பர் போயிடுச்சுன்னா கோளாறு டிரெய்லர்ல. போகலைன்னா பெட்டியில."

இறங்கிப் போய்ப் பிடுங்கினான்.

"போயிடுச்சா சுபா?"

"இன்னும் ஏறுதுங்க."

"அப்ப பெட்டிதாண்ணா," என்றான் மாதவராஜ். "வயரைக் கழட்டி வுட்டுட்டு மெதுவா வாங்க."

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து எல்லா வயரையும் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்தான். எதனோடும் ஒட்டாமல் அது அவன் உள்ளங்கையில் இருந்தது. எண் அணையவில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைப் போலச் சுட்டது.

"மாதாவே! தூக்கிப் போடுங்க அதை!"

பள்ளத்தில் வீசினான். விழுந்த சத்தம் வரவில்லை.

"டிரெய்லர் இங்கியே கெடக்கட்டும்ங்க. வூட்டுக்குப் போயிடலாம்."

சக்கரங்களுக்குக் கல் வைத்தான். சங்கிலியை அவிழ்த்தான். கொக்கியைக் கழற்றிவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம்தான். இன்ஜின் அலறியது. பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. வண்டி நின்றது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். டிரெய்லர் மேலே, விட்ட இடத்திலேயே நின்றது. பிக்கப்பின் பின்னால் எதுவும் இல்லை. ஆனால் கொக்கி மாட்டும் இரும்பு ரோட்டை முட்டுகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. அதற்குப் பின்னால், ஈரத் தாரில், இரண்டு கறுப்புத் தடங்கள். புதியவை. புகைந்துகொண்டிருந்தன.

பிக்கப் அசைந்தது.

கீழே அல்ல. மேலே.

பூட்டிய சக்கரங்கள் தரையில் உரச, மேட்டை நோக்கிப் பின்வாக்கில் நகர்ந்தது. அவன் ஓடிக் கதவைப் பிடித்தான். திறக்கவில்லை. உள்ளேயிருந்து சுபா கண்ணாடியை அடித்தாள். கூடவே ஓடினான். கைப்பிடி வழுக்கியது. விழுந்தான்.

"சுபா!"

அவள் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். பனிக்குள் போகும்வரை அந்த முகம் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. தலையைப் பாதி திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, இருக்கையில் மெல்ல ஒதுங்கி இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.