காலி அறையின் சத்தம்

பதிவில் கேட்ட மூச்சு ஒற்றை மூச்சாக இல்லை. கூர்ந்து கேட்டால், அவள் இழுத்த மூச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று மெலிதாக வந்தது. சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று அதை அழித்துவிட்டாள். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் குறும்படம் போட்டிக்குப் போயாக வேண்டும். போனால், எடிட்டர் என்று அவள் பெயர் முதல்முறையாகத் திரையில் வரும். போகாவிட்டால் பழையபடி கல்யாண வீடியோ வெட்ட வேண்டியதுதான்.

படம் முடிந்துவிட்டது, ஒரு ஓட்டையைத் தவிர. எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. அதனால்தான் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லி, காலி அறையின் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே அதைத்தான் நிரப்புவார்கள். இந்தப் படத்தின் டைரக்டர் அதற்கு விடவில்லை. "சும்மா கெடக்குற ரூமை எதுக்குய்யா ரெக்கார்டு பண்ற? மூட்டையைக் கட்டு" என்று சவுண்டுக்காரரை விரட்டியிருந்தான். இப்போது கதாநாயகியின் அப்பா பேசி நிறுத்தும் இடத்திலெல்லாம் சத்தம் பள்ளத்தில் விழுந்த மாதிரி அறுந்தது.

ஆகவே தன் அறையையே பதிவு செய்ய உட்கார்ந்திருந்தாள். மாடியில் ஒற்றை அறை. ஜன்னல்களை அடைத்து, மேலே போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மானிட்டரின் நீல வெளிச்சம் மட்டும். சூடேறிய ஒயரும் துவைக்காத தலையணையும் கலந்த வாடை. படம் கைக்கு வந்த நாளிலிருந்து வேறு யாரும் இங்கே கால் வைத்ததில்லை. படத்தில் வருகிறவர்களிடம்தான் அவள் பேச்சு. அப்பா வேஷக்காரர் வசனத்தை விழுங்கினால், "வாயைத் திறந்து பேசுங்கப்பா" என்று திட்டுவாள். அவர் பதில் சொன்னதில்லை.

தன் மூச்சு விழாமலிருக்க ஒரே வழி, தான் அறையில் இல்லாமலிருப்பது. மேசைமேல் மைக்கை வைத்து, பதிவை ஓடவிட்டு, வெளியே வந்தாள். தாழ் சரியில்லாத கதவு. பூட்டினால்தான் மூடி நிற்கும். பூட்டிவிட்டு, இறங்கிப் போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

போன் அதிர்ந்தது. டைரக்டர்.

"எடிட்டரம்மா, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். உன் புண்ணியத்துல படிக்கட்டுல உக்காந்திருக்கேன்."

"ஏன், ஹவுஸ் ஓனர் தொரத்திட்டாரா?"

"ரூமைத் தனியா விட்டிருக்கேன்டா. மனுஷ வாடை இல்லாம கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"பாவம், பயந்துக்கப்போகுது. நான் வேணா வந்து கூட இருக்கட்டுமா?"

வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "வேணாம். நீ வந்தா உன் வாய் சும்மா இருக்காது. படம் போய்ச் சேராது."

போனை வைத்துவிட்டு ஏறினாள். பூட்டைத் திறந்து உள்ளே போனவள், காலடிச் சத்தம் அடங்கட்டும் என்று தொழில் பழக்கத்தில் கதவருகே சிறிது நேரம் மூச்சடக்கி அசையாமல் நின்றாள். பிறகு பதிவை நிறுத்தி, ஹெட்போனை மாட்டினாள்.

அவள் செருப்புச் சத்தம். கதவு. சாவி. படியில் இறங்கித் தேயும் காலடி. பிறகு அறையின் இரைச்சல் மட்டும், சலித்த மாவு போலச் சீராக. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒரு பெருமூச்சு.

சுமைதூக்கிகள் குடும்பத்தில் பிறந்தவள் அவள். முதுகு மூட்டையை இறக்கிப் போட்டவுடன் வருகிற மூச்சு அது. நெடுநேரம் அடக்கி வைத்தால்தான் அப்படி வரும். அதன் பின் நிதானமாக, இழுத்து, விட்டு, இழுத்து. தரையில் ஏதோ உரசியது. மூச்சு மைக்குக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில். ஒட்டியிருந்த உதடுகள் ஈரமாகப் பிரிந்தன.

சாவி திரும்பியது.

மூச்சு நின்றது.

பதிவில் அவள் உள்ளே வந்தாள். கதவருகே நின்றாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் தேடிய அதே காலி அறை. அப்பழுக்கில்லாத அமைதி.

அது போகவில்லை. அடக்கிக்கொண்டிருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு சத்தமும் இல்லை. கதவு முதுகுப் பக்கம். திரும்பாமல் போக முடியாது. ஓடலாம். ஓடினால் படம்? போர்வையின் ஓரத்தில் வெயில் சிவந்துவிட்டது.

கை மவுஸுக்குப் போனது. அந்த அமைதியை வெட்டினாள். பள்ளங்களில் ஒட்டினாள். அப்பா பேசி நிறுத்தினார். இந்த முறை எதுவும் அறுந்து விழவில்லை. கச்சிதமாக உட்கார்ந்தது.

அனுப்பினாள். நீலப் பட்டை நகர்ந்தது. மெதுவாக.

அவளும் மூச்சை அடக்கியிருந்தாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை. பாதிப் பட்டை. நெஞ்சு எரிந்தது. முக்கால். காது அடைத்தது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

போய்ச் சேர்ந்தது.

இனி அடக்க முடியாது. அவளால் மட்டுமல்ல.

ஜன்னல்கள் அடைத்திருந்தன. மின்விசிறி நின்றிருந்தது. அவள் காதோரத்து முடி, பின்னாலிருந்து வந்த வெதுவெதுப்பில், மெல்ல முன்னால் பறந்தது.