ஆறுமணிக்குருவி இருமியது

குருவி கூப்பிட்டது சரிதான். கூப்பிட்டு முடித்ததும் இருமியதுதான் சரியில்லை.

ஹஃப்சா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். வீட்டுக்குப் பின்னால் தோப்பு மங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த மாஞ்சருகின் புளித்த வாடையும், குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வந்த குளிரும் அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. மாமரக் கிளையில் அவள் தொங்கவிட்டிருந்த புளூடூத் ஸ்பீக்கரில் பதிவுசெய்த குருவிக் குரலை நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டது. இருந்தும் தோப்பின் உள்ளேயிருந்து அதே ஏற்ற இறக்கத்தில் அந்த விசில் வந்தது, அதை ஒட்டியே ஓர் ஆணின் வறட்டு இருமலும் வந்தது.

இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தென்காசியில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் விஜயசங்கர் சாருடையது. பழைய குற்றாலம் பக்கம் அவர் பதிவு செய்த ஆறுமணிக்குருவியின் குரல் அது. கடைசியில் அடக்க முடியாமல் இருமிவிட்டார், வெட்டி எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே அனுப்பியும் விட்டார். அந்தக் குரலைத் தோப்பில் ஒலிக்கவிட்டால், தன் இடத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று குருவி கோபத்தோடு வெளியே வரும். வந்ததும் படம் எடுத்துக்கொள்ளலாம். குழுவில் எல்லோரும் செய்கிற வேலைதான். செய்வதேயில்லை என்று எல்லோரும் சொல்கிற வேலையும்கூட.

அவருக்கே போன் போட்டுக் கேட்டாள். துடுப்புவால் கரிச்சானாக இருக்கும், அது எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லும் என்று சிரித்தார். வைக்கப்போகும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் போடாதீங்கம்மா. நாம குருவியத்தான் கூப்பிடுதோம். கேக்கது குருவி மட்டுந்தான்னு நமக்கு என்ன தெரியும்?"

சரி, கரிச்சான். அதற்கு மேல் யோசிக்க ஹஃப்சாவுக்குத் தெம்பு இல்லை. விடியுமுன் எழுந்து, மகள் ஆஷிகாவைக் குளிப்பாட்டிக் கிளப்பி, ஒரு தனியார் பள்ளியில் நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பாடம் நடத்தி, வந்து உலை வைத்து, பாத்திரம் கழுவி நிமிரும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும். மாமியார் ஹைருன் பீவி மகளின் பிரசவத்துக்காகச் செங்கோட்டைக்குப் போய்விட்டார். கணவன் யஹ்யா சவூதியில், தம்மாமில் வேலையில் இருக்கிறான். கேமரா அவன் அனுப்பியது. சாயங்காலம் லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான், டீச்சர் என்றோ உம்மா என்றோ யாரும் அவளைக் கூப்பிடாத நேரம்.

மாமியார் இருந்தால் பொழுது சாயும்போதைய மஃரிப் பாங்கு சொல்லுமுன் பின்கதவைச் சாத்திவிடுவார். அந்த நேரத்தில் வெளியே நடமாடுகிறவை வேறு, பிள்ளையை வாசல்படி தாண்ட விடக்கூடாது என்பது அவர் கட்சி. ஆறுமணிக்குருவியோ சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் வாயைத் திறக்கும். ஹஃப்சா கதவைத் திறந்தே வைத்தாள்.

மறுநாள்தான் அந்தத் தப்பு நடந்தது. ஸ்பீக்கர் மாமரத்தில் தொங்கியது, ஹஃப்சா கதவோரம் கேமராவோடு நின்றாள், அடுக்களை மேடையில் கிடந்த போனில் யஹ்யாவின் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. ஆஷிகா கைக்குழந்தையாக இருக்கும்போது போனவன் அவன். அவளுக்கு வாப்பா என்றால் முகத்தைவிடக் குரல்தான். ஆஷிகாவே போனை எடுத்தாள், அழுத்தினாள். போன் தோப்பு ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை இருவருமே நினைக்கவில்லை.

"ஆஷிம்மா, வாப்பா கூப்பிடுதேன்லா? ஓடி வா, ஓடி வா."

யஹ்யாவின் குரல் மரத்துக்கு மரம் மோதித் தோப்பு முழுக்கப் பரவியது. தவிட்டுக்குருவிகள் கத்தலை நிறுத்தின. தவளைகள் நிறுத்தின. இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"உம்மா, வாப்பா தோப்புல இருக்காங்க" என்றாள் ஆஷிகா, முகமெல்லாம் பல்லாக. ஹஃப்சாவுக்கும் சிரிப்புதான் வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு தோப்பில் ஒரு குருவிகூடக் கூப்பிடவில்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் வேலியோடு திரும்பிப் போனது. கரிச்சானும் இல்லை, மைனாவும் இல்லை. ஆஷிகா மட்டும் பொழுது சாய்ந்தால் பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ கேட்கிறவள்போல் நின்றாள்.

ஒரு நாள் ஹஃப்சா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆஷிம்மா, வாப்பா கூப்பிடுதேன்லா? ஓடி வா, ஓடி வா."

ஸ்பீக்கர் அடுப்புக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது. போன் அலமாரி மேல் இருந்தது. குரல் தோப்பிலிருந்து வந்தது. கிளையிலிருந்து அல்ல, ஓர் ஆள் நின்றால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது. முடிந்ததும் ஒரு வறட்டு இருமல்.

படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்த பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். கீழ்த்தாழ் ஆஷிகாவுக்கு எட்டும். மேல்தாழ் மழையில் கதவு உப்பியதால் ஏறவில்லை. அன்றிரவு யஹ்யாவிடம் சொன்னாள். அவனும் வேலை முடிந்து சோர்ந்து கிடந்தான்.

"ஏட்டி, நீ ஒழுங்கா ஒறங்குதியா, இல்லையா? ஒறக்கம் இல்லன்னா இப்படித்தான் என்னமாவது கேக்கும்."

அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவளும் ஆசைப்பட்டாள். பயப்படக்கூட அவளிடம் பலம் மிச்சமில்லை.

அடுத்த விடுமுறை நாளில் மத்தியானத்திலிருந்தே மழை. கரண்ட் போய்விட்டது. ஆஷிகாவைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, பாங்கு சொல்லும்வரை என்று அடுக்களைச் சுவரில் சாய்ந்தவள்தான். அசதி அவளை அப்படியே விழுங்கிவிட்டது.

கதவு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் விழித்தாள். வீடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

கட்டிலுக்கு ஓடினாள். போர்வை தலையோடு மூடியிருந்தது. உள்ளே சின்ன உடம்பு, சுவர்ப் பக்கம் திரும்பி. மூச்சு ஏறியது, இறங்கியது. அல்லாஹ்வே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தொட்டபோது போர்வை சில்லென்று ஈரமாக இருந்தது. சன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும்.

திரும்ப ஓடிக் கதவைச் சாத்தினாள். கீழ்த்தாழைப் போட்டாள். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி, மேல்தாழை அடித்து அடித்து ஏற்றினாள். ஏறி இறுகிக்கொண்டது.

கதவின் கீழ்ப்பக்கத்தில் யாரோ தட்டினார்கள்.

"உம்மா, கதவத் தொற."

ஆஷிகாவின் குரல்.

ஹஃப்சா அசையவில்லை. தோப்பில் இருப்பது பிள்ளையின் குரலையும் படித்துவிட்டது. கதவைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வை மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வெளிய யாரும் இல்ல" என்று மெல்லச் சொன்னாள். "பேசாம படு ஆஷி."

"உம்மா. வாப்பா அங்கன இல்ல உம்மா. நனையுதேன்."

இருமல் வரும். எப்போதும் கடைசியில் வரும். காத்திருந்தாள்.

வெளியே அழுகை. தட்டல். மறுபடி அழுகை.

இருமல் வரவில்லை.

கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும். இதை யார் சொல்லி அது கேட்டது?

"உம்மா, யாரோ நிக்காங்க. உம்மா."

இருமல் வந்தது.

அவள் உள்ளங்கைக்குக் கீழே.

கதவில் தட்டல் நின்றுபோனது. போர்வை மெதுவாக அவள் பக்கம் புரண்டது.

"வெளிய யாரும் இல்ல" என்றது, ஹஃப்சாவின் குரலில். "பேசாம படு ஆஷி."